பனித்தளத்து நாயகன்



ஹொக்கி என்றதும் நம் மனக்கண்ணிலே தோன்றுவது புற்றரை. கனடா நாட்டவருக்கோ அது பனிக்கட்டித் தளம். பக்கத்துக்கு அறுவர், எஃகுத் தகடு பொருத்திய சப்பாத்துகளுடன் சறுக்கிச் சென்று, கடினமான றப்பர் வட்டொன்றை எதிரியின் வலைக்குள் அடிக்கும் ஆட்டம் அது. மோதலும் முரட்டுத்தனமும் மலிந்தது. அதிலே நாற்பதாண்டு வாழ்ந்தாலும் பண்பாளர் என்ற பெயரைச் சிலரே பெறுவர். அவருள் முதல்வர் ழான் பெலிவோ என்பது என் கருத்து.

1931ஆம் ஆண்டு கியூபெக் மாகாணத்திலே பிறந்த பெலிவோ, கியூபெக் நகரக் குழுவிலே மனநிறைவோடு ஆடிவந்தார். தொழில்முறை ஆட்டக்காரரானால் மொன்றியல் கனேடியன்ஸ் குழுவுக்கே ஆடுவதென அவர் உடன்பட்டிருந்தார். அவர் ஆடிய லீக்கோ தொழில்முறை சாராதது. மொன்றியல் குழுவினர் என்ன செய்தனர்? 1953இல் அந்த லீக் முழுவதையும் விலைக்கு வாங்கித் தொழில்முறை லீக்காக மாற்றிவிட்டனர்! ஒரு மாங்கனிக்காகத் தோப்பையே வாங்கிய கதைதான்.

அக்காலத்தில், சிறு குற்றத்துக்காக வெளியேற்றப்பட்டவர் இரண்டு நிமிடமும் வெளியே இருந்தே ஆகவேண்டும். 1955 நவம்பரில், பொஸ்ரன் குழு அவ்வாறு ஆள் குறைந்திருந்த வேளையில், பெலிவோ 44 விநாடிகளிலே மூன்று கோல்களைப் போட்டார். அடுத்த பருவத்தில், ஒரு கோல் விழுந்ததும் வெளியேறியவர் திரும்பலாம் என விதியே திருத்தப்பட்டது.

1961இல் சக ஆட்டக்காரர் வாக்களித்து அவரைத் தலைவராக்கினர். பத்துப் பருவங்கள் அப்பதவியிலிருந்து ஐந்து முறை ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றார். ஆட்டக்காரராக அவர் பெற்ற கிண்ணங்கள் மொத்தம் பத்து. 1971இல் அவரைப் பாராட்டித் திரட்டிய பணத்தையும் வறிய சிறார்க்கான நிதியமாக்கிவிட்டார்.

கிண்ணங்களிலும் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறொன்று. 1994இல் பிரதமர் கிறெற்றியன், கனடாவின் மகாதேசாதிபதி பதவியை ஏற்குமாறு அவரை வேண்டினார். பெலிவோவின் மகளோ கணவனை இழந்து இரு பெண் குழந்தைகளோடு இருந்தாள். பேர்த்திகளுக்குத் தாம் அருகிருத்தல் வேண்டும் என்று கூறி, நாட்டின் அதியுயர் பதவியை அவர் மறுத்துவிட்டார். விளையாட்டரங்கிலே எத்தனை பேர் இந்தக் கணக்கைச் சரியாகப் போடுவர்?

2014 டிசம்பரில், தமது 83ஆம் வயதில் அவர் காலமானார். நம்மவர் பலரும் குடியேறி வாழும் அம்மாநகர மக்கள், அரங்கிலே வைக்கப்பட்ட அவருடைய பேழைக்கு வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். பின்னர் அங்கு நடந்த ஆட்டத்தின்போது, அவர் வழக்கமாக அமரும் ஆசனம் 4ஆம் இலக்கச் சட்டை போர்த்தப்பட்டு வெறுமையாக விடப்பட்டது. அதனருகே அவர் மனைவி எலீஸ் அமர்ந்து ஆட்டத்தைப் பார்த்தார்.