நோயாளியின் நித்திரை

"நீங்க எல்லாரும் தூங்குறீங்க. எனக்கு மட்டும் சுபஹ் வரைக்கும் கண் மூடுதில்ல தம்பி."

மார்புப் புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்த என் ராத்தா இப்படிச் சொன்னபோது, "திக்ரு செய்துகொண்டே படுங்க, நித்திரை வரும்" என்றேன். நல்ல சொல்தான். ஆனால் ஏன் தூக்கமில்லை என்று நான் விசாரிக்கவில்லை. அது என் தவறு.

எங்கள் குருவிட்டயிலிருந்து அவிசாவளை வழியாகச் செல்லும் ஏ4 வீதியிலேயே மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போகலாம். இருட்டோடு பஸ் ஏறி இருட்டோடு திரும்பும் நோயாளி நன்றாகத் தூங்குவார் என்றே வீட்டார் எண்ணுகிறோம். களைப்பு வேறு, நித்திரை வேறு. புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் வரை தூக்கக் குறையால் அவதிப்படுகின்றனர்.

ராத்தாவின் காரணம் ஒரு சின்ன மாத்திரை. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் நித்திரையைக் கெடுக்கக்கூடியது. அதன் இரண்டாவது வேளையை அவர் இஷாவுக்குப் பின் எடுத்து வந்தார். டாக்டரிடம் கேட்டதும், பகல் சாப்பாட்டோடு எடுக்கச் சொன்னார். இரண்டொரு நாளில் இரவு திரும்பி வந்தது. டாக்டரைக் கேளாமல் எந்த மருந்தின் நேரத்தையும் நாமாக மாற்றக் கூடாது.

எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. தமொக்சிபென் எடுக்கும் பெண்களுக்கு இரவில் உடல் கொதித்து வியர்க்கும். சிலருக்கு மரண பயம். பலருக்கு வலி. பிள்ளைகளின் தூக்கம் கெடுமே என்று வலியை மறைக்கும் உம்மாமார் நம் வீடுகளில் அதிகம். மோர்பின் என்றாலே அஞ்சுகிறோம். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் அது வலியை அடக்கி உறங்க வைக்கும். ஆனால் அதனோடு, வீட்டில் கிடக்கும் வேறொருவரின் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து மூச்சையே மந்தமாக்கலாம்.

சகோதரிகளே, வீட்டில் செய்யக்கூடியவை:

கைலூலா நல்லதே. ஆனால் அரை மணிக்கு மேல் வேண்டாம், பிற்பகல் 3 மணிக்குப் பின்னும் வேண்டாம். தேயிலை விளையும் ஊர் நம்முடையது. என்றாலும் அஸருக்குப் பின் பிளேன்டீயை நிறுத்துங்கள். அதிலுள்ள கஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் சென்றும் உடலில் நிற்கும். இயன்றால் பகலில் முற்றத்தில் கொஞ்சம் நடக்கட்டும். எப்படி உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழட்டும்.

இருபது நிமிடமளவில் தூக்கம் வராவிட்டால், படுக்கையில் புரளாமல் எழுந்து வேறிடத்தில் அமரட்டும். விரும்பினால் உட்கார்ந்தபடியே இரண்டு ரக்அத் தொழலாம். கண் சொருகும்போது திரும்பிப் படுக்கட்டும். நித்திரையின்மைக்கான உளவியல் சிகிச்சையில் இதுவும் ஒரு முறை. மருந்துக்கு முன் அந்தச் சிகிச்சையையே வைத்தியர்கள் இன்று முதலில் கூறுகின்றனர்.

ஒரு கொப்பியில் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், எந்த மருந்து எப்போது, வலி எப்போது. கிளினிக்குக்கு அதைக் கொண்டு போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பக்கத்தில் விழித்திருப்பவரும் மனிதரே. காவலிருப்பதை ஒரு மகளின் தலையில் மட்டும் சுமத்தாமல், ஆண்பிள்ளைகளும் முறை வைத்துக்கொள்ளட்டும். துஆச் செய்வோம், அதோடு, "ஏன் தூங்கல்ல? எங்க நோகுது?" என்று பக்கத்தில் அமர்ந்து கேட்போம்.