முதலில் சூடு, பிறகு பூச்சு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

இரும்பு துருப்பிடிக்கும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதைத் தடுக்க அதன்மேல் வேறோர் உலோகத்தைப் பூசுகிறார்கள். வாளிக்கும் கூரைத் தகட்டுக்கும் துத்தநாகம் போதும். விமானத்தின் எஃகு போல்ட்டுகளுக்கோ நெடுங்காலமாகக் கேட்மியம் பூசி வந்திருக்கிறார்கள். உப்புக் காற்றை அது நன்கு தாங்கும். அலுமினியத்தோடு ஒட்டியிருந்தாலும் அதை அதிகம் அரிக்க விடாது. இந்தக் கேட்மியத்தின்மேல் கடைசியாக ஏறுவது குரோமேட் படலம். அதை எப்போது ஏற்ற வேண்டும் என்ற சிறிய கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எஃகுக்குள் புகும் ஹைட்ரஜன்

மின்முலாம் பூசும் தொட்டியில் எஃகுப் பாகம் எதிர்மின்வாயாகத் தொங்குகிறது. கேட்மியம் அதன்மேல் படியும்போது கூடவே ஹைட்ரஜனும் உண்டாகிறது. பெரும்பகுதி குமிழிகளாக வெளியேறிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் தனி அணுக்களாக எஃகுக்குள் நுழைந்துவிடுகிறது. முலாமுக்கு முன் அமிலத்தில் கழுவும்போதும் இப்படியே நேர்கிறது.

மென்மையான எஃகு இதைத் தாங்கிக்கொள்ளும். கடினமாக்கிய உயர்வலிமை எஃகு தாங்காது. இழுவிசை மிகுந்த இடத்தில் ஹைட்ரஜன் சேர்ந்து எஃகை நொறுங்கும்படி செய்கிறது. முடுக்கிய அன்று உறுதியாக நின்ற போல்ட், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, முன்னறிவிப்பின்றித் தெறித்துவிடலாம்.

இதற்கு மருந்து சூடு. முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் பாகங்களை ஓவனில் வைத்து, ஏறத்தாழ 190 டிகிரி சென்டிகிரேடில் சூடேற்றுகிறார்கள். எஃகின் வலிமைக்கும் விதிமுறைக்கும் ஏற்ப இது 3 மணி நேரமும் ஆகலாம், 23 மணி நேரமும் ஆகலாம். கேட்மியப் படலம் ஹைட்ரஜனை எளிதில் வெளியே விடாததால் இத்தனை பொறுமை தேவைப்படுகிறது.

குரோமேட் ஏன் பின்னால்?

1936-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாகக் கம்பெனி காப்புரிமை பெற்ற முறையில், சோடியம் டைகுரோமேட்டும் சிறிதளவு கந்தக அமிலமும் கலந்த கரைசலில் பாகத்தைச் சில நொடிகள் அமிழ்த்துவார்கள். கேட்மியத்துக்கும் இவ்வகைக் கரைசல் பொருந்தும். மேற்பரப்பில் கேட்மியம் சற்றுக் கரைகிறது. ஆறு இணைதிறன் குரோமியத்தில் ஒரு பகுதி மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கப்படுகிறது. உலோகத்தை ஒட்டிய இடத்தில் அமிலத்தன்மை குறைய, நீர் கோத்த பசை போன்ற படலம் படிகிறது. பொன்மஞ்சளில் வானவில் சாயல் தெரியும். படலத்துக்குள் மீதமிருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம், கீறல் விழுந்தால் ஈரத்தில் கரைந்து வந்து அந்த இடத்தைக் காக்கிறது.

படலத்தின் உயிரே அந்த நீர்தான். ஏறத்தாழ 65 டிகிரிக்கு மேல் நீர் வெளியேறத் தொடங்கும். கோடையில் குளத்துச் சேறு பாளம் பாளமாக வெடிப்பதுபோல் படலமும் வெடிக்கும். காக்கும் திறனும் குறைந்துவிடும். குரோமேட்டை முதலில் ஏற்றிவிட்டு 190 டிகிரியில் வைத்தால் என்ன மிஞ்சும்? ஆகவேதான் முதலில் சூடு, பிறகு பூச்சு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஓவனிலிருந்து வந்த கேட்மியத்தின்மேல் மெல்லிய ஆக்சைடு படிந்திருக்கும். குரோமேட் சீராகப் பிடிக்காது. எனவே ஆறவைத்து, மிகவும் நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சில நொடிகள் தோய்த்து, உடனே நீரில் அலசி, பிறகு குரோமேட்டில் இடுகிறார்கள். வீரியமான அமிலத்தில் நெடுநேரம் வைத்தால், அரும்பாடுபட்டு வெளியேற்றிய ஹைட்ரஜனே மீண்டும் உள்ளே புகுந்துவிடும். பின்னர் மிதமான சூட்டில் உலர்த்தி, ஒருநாள் உரசாமல் வைத்தால் படலம் இறுகும்.

கைகளுக்கு வரும் கேடு

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னோடு பள்ளியில் படித்தவர்களில் சிலர் இன்று முலாம் பட்டறைகளில் நிற்கிறார்கள். நான் நூலில் படிக்கும் குரோமேட்டில் அவர்கள் கை நனைகிறது. ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கவல்லது. கேட்மியமும் கொடிய நச்சு. ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களை வாட்டிய 'இத்தாய் இத்தாய்' நோய்க்குச் சுரங்கக் கழிவிலிருந்த கேட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-இல் அறிவித்தது. மின்னணுக் கருவிகளில் இவ்விரண்டையும் ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கட்டுப்படுத்தியுள்ளது. துத்தநாக-நிக்கல் கலவை முலாமும், மூன்று இணைதிறன் குரோமியப் படலமும் மாற்றாக வந்துகொண்டிருக்கின்றன. எனினும் சூடேற்றும் விதி மாறாது. மின்முலாம் எதுவாயினும் ஹைட்ரஜன் ஹைட்ரஜன்தான்.

சூடேற்றாத போல்ட்டின்மேலும் குரோமேட் அதே பொன்னிறத்தில் மின்னும். பார்ப்பவர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஓவனுக்குள் எத்தனை மணிக்கு வைத்தோம், எத்தனை மணிக்கு எடுத்தோம் என்று பதிவேட்டில் எழுதும் தொழிலாளியின் நேர்மையை நம்பித்தான் அது விமானத்தில் ஏறுகிறது. அந்த இரு வரிகளின் பொருளை அவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வது வேதியியல் படிக்கும் நம் கடமையன்றோ!