டவர் கிடைக்கும் பாறை

சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வளைவில் பேச்சு அறுந்துபோகும், எதில் மறுபடி 'ஹலோ' கேட்கும் என்பது தினமும் ஏறி இறங்குகிறவர்களுக்கு மனப்பாடம். கொரோனா காலத்தில் மலைக் கிராமத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கணக்கை வீட்டைச் சுற்றிப் போட்டார்கள். ஜன்னல் திண்டில் ஒரு கோடு, மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு, பாறைமேல் ஏறினால் மூன்று. 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்குத் தினம் 2 ஜி.பி. டேட்டாவை அரசு இலவசமாகத் தந்தது. டேட்டா வந்தது, டவர் வரவேண்டாமா?

அவர்களில் காப்பித் தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருவர், இப்போது ஹவுஸ் சர்ஜன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்ததே, அந்த முதல் பேட்ச். 2021 தொடக்கத்தில் கல்லூரிக்குப் போனார். பக்கத்து பெஞ்சுக்காரியின் பெயர் மனதில் பதிவதற்குள் இரண்டாவது அலை. பெட்டியோடு மலையேறியவர் மறுபடி இறங்கியது ஆகஸ்டில்.

நடுவில் இருந்த மாதங்கள்தான் கதை. பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது நரம்பு, தசை எல்லாம் ஆங்கிலத்தில் ஓடுகின்றன. நேரில் என்றால் பக்கத்து நோட்டை எட்டிப் பார்க்கலாம், "என்னடி சொன்னாரு?" என்று கிசுகிசுக்கலாம். செல்போனில் பக்கத்து நோட்டு ஏது? கேமராவை அணைத்த நூறு கறுப்புக் கட்டங்கள். 'பிரசன்ட் சார்' என்று தட்டிவிட்டுத் தூங்கியவர்கள் உண்டு, இவரும் தூங்கியிருக்கிறார். பாவம், பேராசிரியரும் கறுப்புக் கட்டங்களைப் பார்த்தேதான் பேசிக்கொண்டிருந்தார்.

படிக்கும் ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர்கள் டெசி, ரயன் இருவரும் மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானாகத் தேர்ந்துகொண்டேன், என்னால் முடியும், நான் இவர்களில் ஒருத்தி. திரை முதலில் தின்றது மூன்றாவதை.

திரையை மட்டும் திட்டிப் பயனில்லை. கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் தூங்கிய அதே பிள்ளைகள், முதுநிலை நீட்டுக்குக் காசு கட்டி வாங்கிய செயலியில் நள்ளிரவு வரை ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்க்கிறார்கள். அங்கே பாடமும் நேரமும் அவர்கள் கையில். ஆனால் பரீட்சை முடிந்ததும் அந்த வேகம் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி.

மருத்துவத்தின் செய்முறைப் பகுதிக்குத் திரை போதாது என்பதில் தேசிய மருத்துவ ஆணையம் கறார். உக்ரைன் போரால் திரும்பிய மாணவர்களில், இறுதியாண்டை ஆன்லைனில் முடித்தவர்களை மட்டும் ஒருமுறைச் சலுகையாகத் தகுதித் தேர்வு எழுத விட்டது. தேறினாலும் பயிற்சி இரண்டு வருடம். கடுமைதான். ஆனால் வயிற்றை அழுத்திப் பார்த்துப் பழகாத டாக்டரிடம் நாம் போய்ப் படுப்போமா?

மலைக்கே வருகிறேன். அந்தப் பெண்ணுக்குப் பிடிப்பு வந்தது வகுப்பால் அல்ல. லைன் வீட்டு ஆயா ஒருவர் சர்க்கரை மாத்திரை அட்டையோடு வந்து, "கண்ணு, இது சோத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டிருக்கிறார். மெட்பார்மின். மருந்தியல் இரண்டாம் ஆண்டுப் பாடம், இவர் முதலாண்டு. தெரியாது என்று சொல்ல வெட்கம். சீனியரிடம் வீடியோ இணைப்பு வாங்கிக்கொண்டு பாறைக்கு ஓடினார். மேகம் இறங்குவதற்குள் பார்த்தாக வேண்டும், பாதியில் நின்றது, மறுநாள் மறுபடி ஏறினார்.

அடுத்த பேட்ச்சிலிருந்து எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆளுக்குச் சில கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையம் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. இவருக்கு அது விதியாக வரவில்லை, அட்டையோடு வாசலுக்கு வந்தது.

வீடியோவில் விடை நாற்பதாவது நிமிடத்துக்கு மேல்தான் இருந்ததாம். சாப்பாட்டோடு, அல்லது சாப்பிட்டவுடன். இறங்கி வந்து சொன்னபோது ஆயா ராத்திரிச் சோற்றுக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்.