தங்க விடாதவர்களை எண்ணுவது எப்படி?

கரவன் தரிப்பிடங்களுக்கான மாவட்டத் திட்டங்களைப் புதுப்பிக்கும் ஆறாண்டுக் கெடு பற்றிய பேச்சு எழுந்ததும் வாசகர் கடிதங்கள் குவியத் தொடங்கிவிட்டன. அஷ்எல்எம் என்னும் சமூக வீட்டு விண்ணப்பத்தை வருடாவருடம் புதுப்பித்துக் களைத்துப்போன பாரிஸ் லாச்சப்பல் வாசகர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். கரவனில் திரிகிறவர்களுக்கு நகரசபை இடம் ஒதுக்குகிறதாமே, எங்களுக்கு முன்னால் அவர்களுக்கா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. வேறு சிலர், வடக்கே பெத்தித் சென்த்யூர் பழைய தண்டவாளத்தில் இருந்து 2016 பெப்ரவரியில் அகற்றப்பட்ட குடிசைகளையும் இதனோடு சேர்த்துக் கேட்கிறார்கள்.

அந்தக் குடிசைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ருமேனியாவிலிருந்து வந்த ரோமா மக்கள். இந்தத் திட்டம் அவர்களுக்கானதல்ல. இது 'ஜோன் து வொயாஜ்' என்று அரச ஆவணங்கள் சொல்லும் மக்களுக்கானது. மனுஷ், ஜித்தான், யெனிஷ் என்று தங்களுக்கெனப் பெயர் உள்ளவர்கள் அவர்கள். அநேகமாக எல்லோரும் பல தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடிமக்கள். அரசு வைத்த அந்தப் பெயருக்குப் பிரெஞ்சில் ஒருமை கிடையாது. அவர்களில் ஒரு தனி ஆளைக் குறிக்க நிர்வாகத்திடம் சொல்லே இல்லை.

இனி, தேவை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பார்ப்போம். 2000 யூலை 5ஆம் திகதி பெஸோன் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டமும் ஒரு திட்டம் வகுக்க வேண்டும். 5,000 பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு ஊரும் அதில் இடம்பெற வேண்டும். எத்தனை தரிப்பிடம், எத்தனை குடும்பக் காணி (ஒரு குடும்பம் நீண்டகாலம் தங்கும் வாடகை இடம்), எந்த ஊரில் என்பதை அது சொல்லும். அரசின் பிரதிநிதியான பிரெபேயும் மாவட்ட சபைத் தலைவரும் கையெழுத்திட்டு வெளியிட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஊர்கள் தங்கள் பங்கைச் செய்து முடிக்க வேண்டும். பாரிஸில் நகரமும் மாவட்டமும் ஒன்றுதான் என்பதால், தன் பங்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் மேசையிலும் நகரமே உட்கார்ந்திருக்கிறது.

எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது? சட்டம் 'முன் மதிப்பீடு' என்கிறது. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், தொழில் எல்லாம் அதில் பார்க்கப்பட வேண்டும். ஆனால் முன்னுக்கு நிற்பது, அந்த மக்கள் அந்த இடத்தில் எத்தனை தடவை வந்து தங்கினார்கள், எவ்வளவு காலம் தங்கினார்கள் என்ற கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இதையே அதே சட்டத்தின் 9ஆம் பிரிவோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

தன் பங்கை நிறைவேற்றிய ஊரின் மேயர், தரிப்பிடத்துக்கு வெளியே ஊர் எல்லைக்குள் எங்கும் கரவன் நிறுத்தக் கூடாது என்று தடை போடலாம். தடையை மீறி நிறுத்தினால், அது பொது அமைதிக்கோ சுகாதாரத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று சொல்லி, பிரெபே வெளியேறும்படி உத்தரவிடலாம். 2007 முதல் இதற்கு நீதிபதியின் அனுமதி தேவையில்லை. 24 மணி நேர அவகாசம் கொடுத்தால் போதும். அதே குடும்பம் ஏழு நாட்களுக்குள் அதே ஊரின் இன்னொரு மூலையில் நிறுத்தினாலும் பழைய உத்தரவே செல்லும் என்று 2017 சட்டம் சேர்த்துக்கொண்டது.

அதாவது, மதிப்பீட்டில் வரும் எண், வெளியேற்றும் அதிகாரத்துக்கு ஊர் கொடுக்கும் விலை. எண் சிறிதாக இருந்தால் விலையும் குறைவு. வெளியேற்றிவிட்டால் அங்கே தங்கியவர் எவரும் இல்லை. தங்கியவர் இல்லையென்றால் ஆறு வருடம் கழித்து வரும் மதிப்பீட்டில் எண்ணவும் ஒன்றும் இருக்காது. வராத காரணத்தை அந்தக் கணக்கு கேட்பதில்லை. அதிகாரிகள் இதைத் 'தேவை' என்று எழுதும்போது எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை வருவதில்லை.

எங்களுக்கு இது புரியாத விசயமில்லை. 2009 தொடக்கத்தில் வன்னிக்குள் 70,000 பேர்தான் என்றது கொழும்பு. உணவுக் கப்பலும் மருந்தும் அந்த எண்ணுக்கு அளந்தே அனுப்பப்பட்டன. மே மாதத்துக்குப் பிறகு முகாம்களில் இருந்தவர்கள் 250,000ஐத் தாண்டியிருந்தார்கள். இங்கே நடப்பது போர் இல்லை, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் எண்ணைக் குறைப்பதால் இலாபம் அடைகிறவரிடமே எண்ணும் வேலையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை லாச்சப்பலில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பாரிஸுக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. இன்று வெளிவட்ட நெடுஞ்சாலை ஓடும் பட்டையை அன்று 'ஸோன்' என்பார்கள். கோட்டைச் சுவருக்கு வெளியே வண்டிவீடுகளும் தகரக் கொட்டில்களும் நின்ற இடம். மனுஷ் கிற்றார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட் வளர்ந்தது அந்தப் பட்டையில்தான். 1928இல் அவருடைய வண்டிவீடு தீப்பிடித்து இடக்கையின் இரண்டு விரல்கள் செயலிழந்தது சென்-துவானில், போர்த் து லா சப்பலிலிருந்து நடந்து போகிற தூரத்தில். ஸோன் இடிக்கப்பட்டது, 1973இல் நெடுஞ்சாலை வட்டம் முடிந்தது. இன்று நகரத்தின் தரிப்பிடங்கள் இரண்டு. ஒன்று வன்சென் காட்டில், மற்றது பூலோஞ் காட்டில். இரண்டும் நகரத்தின் இரு கோடிகள்.

தரிப்பிடம் எப்படி இருக்கும்? ஓர் இடத்துக்குக் குறைந்தது 75 சதுர மீற்றர், தண்ணீர், மின்சாரம், கழிப்பறை. தங்குவதற்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் காசு கட்ட வேண்டும். பொது விதி மூன்று மாதம். பிள்ளையின் பள்ளி, வைத்தியம் போன்ற காரணங்களுக்காக மேலும் ஏழு மாதம் வரை நீட்டிக்கலாம். தரிப்பிடத்தின் பிரெஞ்சுப் பெயரில் 'வரவேற்பு' என்றிருக்கிறது. நாடு முழுவதும் இவை எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்று அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சட்டவியலாளர் வில்லியம் அக்கெர் ஒவ்வொன்றாகத் தேடி 2021இல் புத்தகமாக வெளியிட்டார். அவற்றின் அருகே அவர் கண்டவை: குப்பைமேடு, ஆலை, நெடுஞ்சாலை, தண்டவாளம். 2019 செப்டெம்பரில் ருவானில் லூப்ரிசோல் இரசாயன ஆலை எரிந்தபோது அதன் பக்கத்திலேயே ஒரு தரிப்பிடம் இருந்தது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

இது அஷ்எல்எம் வரிசையில் கை வைக்கிறதா? இல்லை, தரிப்பிடம் தனி வரவு செலவு.

மேயருக்கு இதனால் ஏதும் நன்மை உண்டா? உண்டு, குடும்பக் காணிகளை 2017 முதல் ஊர் எட்ட வேண்டிய சமூக வீட்டு விகிதத்தில் சேர்த்து எண்ணலாம்.

அவர்களுக்கு வீட்டு உதவித்தொகை வருமா? கரவன் சட்டப்படி வீடாகக் கருதப்படுவதில்லை, ஆகவே வராது.

அவர்கள் கையில் வைத்திருக்க வேண்டியிருந்த நடமாட்டப் புத்தகம் இன்னும் உண்டா? 1912இல் தொடங்கிய அந்த வழக்கத்தின் கடைசிச் சட்டத்தை 2017இல் நீக்கினார்கள்.

அனுமதியில்லாத இடத்தில் கரவன் நிறுத்தினால் தண்டம் எவ்வளவு? 500 யூரோ, வழக்கானால் ஒரு வருடச் சிறையும் 7,500 யூரோவும் வரை.

சமூகப் பிரதிநிதிகளைக் கேட்கிறார்களா? ஆலோசனைக் குழுவில் இருக்கிறார்கள், முடிவு அவர்கள் கையில் இல்லை.

நீதிமன்றம் போகலாமா? வெளியேறும் அவகாசம் முடிவதற்குள் மனுப் போட்டால் நிர்வாக நீதிபதி 48 மணி நேரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் என்ன சொன்னது? பாரிஸுக்கு வடமேற்கே எர்ப்லேயில் பல ஆண்டுகளாக ஒரே காணியில் வாழ்ந்த குடும்பங்களை வெளியேறச் சொல்லிப் பொந்துவாஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2004இல். அவர்களுடைய வீட்டுரிமை மீறப்பட்டது என்று ஸ்ட்ராஸ்பூரில் உள்ள அந்த நீதிமன்றம் சொன்னது 2013 ஒக்ரோபர் 17இல்.