திருத்தியைத் திருத்துதல்

எழுத்தின் அளவு, நிறம், பக்க அமைப்பு ஆகிய எதையும் கருதாமல், வெறும் எழுத்துகளை மட்டும் கோப்பாகச் சேமிக்கும் மென்பொருளே உரைத்திருத்தி எனப்படுகிறது. கணினி நிரலர்கள் நாள் முழுதும் புழங்கும் இக்கருவி வெளிப்பார்வைக்கு மிக எளியதாகத் தோன்றினும், பல்லாண்டுகள் பழுதின்றிப் பேணுவதற்கு மிகக் கடினமான மென்பொருள்களுள் ஒன்று. மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமையளிக்கும் திறமூல மென்பொருள்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடையறாது திருத்தப்பட்டு வரும் ‘விம்’ இதற்குத் தக்க சான்று. தவறான வரியைக் கண்டுபிடிப்பதைவிட, எந்த வரியைத் தொடாமல் விடவேண்டும் என்று முடிவு செய்வதே பராமரிப்பாளரின் பெரும்பாடு என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1976இல் எழுதிய ‘விஐ’ என்னும் திருத்தியே விம்மின் மூதாதை. அதை ஒத்து அடாரி கணினிக்காக எழுதப்பட்ட ‘ஸ்டீவி’ என்ற நிரல் அமிகா கணினிக்கு மாற்றப்பட, அதனை அடிப்படையாகக் கொண்டு நெதர்லாந்து நாட்டவரான பிராம் மோலெனார் விம்மை உருவாக்கி 1991இல் பொதுமக்களுக்கு வெளியிட்டார். பின்னர் உகாண்டாவின் கிபாலே பகுதியில் குடிநீர், துப்புரவுப் பணிகளில் தன்னார்வலராக உழைத்த அவர், இம்மென்பொருளைப் பயன்படுத்துவோர் அங்குள்ள குழந்தைகள் நல மையத்துக்கு உதவவேண்டும் என்ற வேண்டுகோளை விம்மின் உரிமத்திலேயே சேர்த்தார்.

விம்மில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் ‘ஒட்டு’ எனத்தக்க தனித்த சிறு மாற்றமாக, வரிசை எண்ணுடன் வெளிவருகிறது. ஒவ்வோர் ஒட்டின் தலைப்பிலும் சிக்கல் யாது, தீர்வு யாது என்ற இரண்டு குறிப்புகள், பெரும்பாலும் ஓரிரு வரிகளில் இடம்பெறுகின்றன. 2019 டிசம்பரில் வெளியான 8.2ஆம் பதிப்புக்கும் 2022 ஜூனில் வெளியான 9.0ஆம் பதிப்புக்கும் இடையே இந்த எண் 5172 வரை சென்றது. இத்தகைய சிக்கனமான ஏட்டுமுறை ஒரு மனிதரின் ஒழுங்குணர்விலிருந்து பிறந்தது எனினும், அதன் பயன் அவருடைய வசதியோடு நிற்கவில்லை. நேற்றுவரை ஒழுங்காக நடந்த ஒன்று இன்று பழுதுபட்டால், இடைப்பட்ட ஒட்டுகளின் நடுவிலுள்ளதை எடுத்துச் சோதித்து, பழுது அங்கே உண்டா இல்லையா என்பதற்கேற்ப முன்பாதியையோ பின்பாதியையோ தள்ளிவிட்டு, எஞ்சியதை மீண்டும் இரண்டாகப் பகுத்துக்கொண்டே போகலாம். அவ்வாறு செய்தால் ஆயிரம் ஒட்டுகளுக்கிடையே ஒளிந்திருக்கும் குற்றவாளியைப் பத்தே சோதனைகளில் பிடித்துவிட முடியும். ஒட்டுகள் சிறியனவாக இருந்தால்தான் பிடிபட்டது இன்னதென்று விளங்கும். ஒரே ஒட்டில் பத்து மாற்றங்களைத் திணிப்பவர் பின்னால் வருபவருக்குப் பத்து நாள் வேலை வைத்துவிட்டுப் போகிறார்.

எது பிழை என்பதே எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. விம்மில் பெரிய ‘டி’, பெரிய ‘சி’ ஆகிய கட்டளைகள் சுட்டி நிற்கும் இடத்திலிருந்து வரியின் இறுதி வரை செயல்பட, அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய ‘ஒய்’ மட்டும் முழு வரியையும் நகலெடுக்கிறது. ஒரு சொல்லை அழிக்கும் கட்டளை அதன் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்து நீக்க, சொல்லை மாற்றும் கட்டளையோ இடைவெளியை விட்டுவைக்கிறது. இவை பழைய விஐயிலிருந்து வந்த முரண்கள். வரியின் இறுதி வரை நகலெடுப்பதே அறிவுக்குப் பொருந்துவது என்று விம்மின் கையேடே ஒப்புக்கொண்டு, அவ்வாறு வேண்டுவோர் தாமே மாற்றிக்கொள்ளும் வழியையும் சொல்கிறது. ஆயினும் இயல்பு நடத்தையை மாற்றவில்லை. இலட்சக்கணக்கான விரல்களில் படிந்துவிட்ட பழக்கத்தைத் தருக்கத்தின் பெயரால் குலைப்பதும் ஒரு பழுதே என்று மோலெனார் கருதியிருக்க வேண்டும். பழைய நடத்தைகளை ஒவ்வோர் எழுத்துக் குறியால் தனித்தனியே மீட்டுக்கொள்ள உதவும் ஒரு விருப்பத்தேர்வையும் விம் கொண்டுள்ளது; விஐயின் குறைகளைக்கூட வேண்டுவோருக்குக் குறையாமல் வழங்கும் இந்த ஏற்பாட்டில் சற்று நகைச்சுவையும் உண்டு.

தீர்க்கப்படாத பிழைகளை மறைப்பதும் விம்மின் வழக்கமன்று. அறியப்பட்ட குறைகளும் செய்யவேண்டிய பணிகளும் அடங்கிய நீண்ட பட்டியல், மென்பொருளின் உதவி ஆவணங்களுள் ஒன்றாகவே பயனரிடம் வந்து சேர்கிறது. அதில் பல பதிவுகளின் முன்னும் ஓர் எண் நிற்கிறது: 9 என்றால் மிக விரைவில் தீர்க்கப்பட வேண்டியது, 1 என்றால் பெரும்பாலும் செய்யப்படப் போவதில்லை. செய்யமாட்டோம் என்பதைச் செய்யவேண்டியவற்றின் பட்டியலிலேயே எழுதிவைக்கும் நேர்மை மென்பொருள் உலகில் அரிது.

உரைத்திருத்திக்கே உரிய பிழைகளில் ஒருவகை, எழுத்துகளை எண்ணுவதில் பிறக்கிறது. கோப்பில் உள்ளவை பைட்டுகள். அவை சேர்ந்து குறியீட்டுப் புள்ளிகள் ஆகின்றன. புள்ளிகள் சேர்ந்து பயனர் ‘எழுத்து’ என்று கருதும் ஒன்றாகின்றன. அது திரையில் ஒன்றோ இரண்டோ கட்டங்களை அடைத்துக்கொள்கிறது. தமிழில் ‘கொ’ என்பது படிப்பவருக்கு ஓர் எழுத்து. யூனிகோடின் யூடிஎஃப்-8 குறியாக்கத்திலோ அதை இரண்டு புள்ளிகளாக 6 பைட்டுகளிலும் எழுதலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்று புள்ளிகளாக 9 பைட்டுகளிலும் எழுதலாம். சுட்டியை ஓரடி நகர்த்துவது முதல் நெடுவரிசை எண்ணைக் காட்டுவது வரை ஒவ்வொரு செயலிலும் இந்நான்கு அளவுகளில் எது பொருந்தும் என்று நிரல் அறிந்திருக்க வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் சுட்டி எழுத்தின் நடுவே போய் நிற்கும். மேலும், விம் பெரும்பாலும் முனையம் என்னும் வேறொரு மென்பொருளின் சாளரத்துக்குள் இயங்குவதால், ஓர் எழுத்தின் அகலம் பற்றி முனையத்துக்கும் திருத்திக்கும் கருத்து வேறுபட்டால் திரை கலைந்துபோகிறது. அப்போது பிழை எவருடையது என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று.

பராமரிப்பின் கடுமையைத் தெளிவாகக் காட்டுவது ‘மோடுலைன்’ என்னும் வசதியின் கதை. இந்தக் கோப்பைத் திறக்கும்போது இத்தனை இடைவெளி விடுக, இன்ன மொழிக்குரிய வண்ணங்களைக் காட்டுக என்பன போன்ற அமைப்புகளை, கோப்பின் முதல் ஐந்து அல்லது கடைசி ஐந்து வரிகளுள் ஒன்றிலேயே எழுதிவைக்க இது இடமளிக்கிறது. கோப்புடன் அதன் அமைப்பும் பயணம் செய்வதால் குழுவாக உழைப்போருக்கு இது பெரிய வசதி. ஆனால் அந்தக் கோப்பு அந்நியர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். அப்படியாயின் அவர் எழுதிய வரிக்குப் பயனரின் திருத்தி கீழ்ப்படிகிறது.

இவ்வாயில் பலமுறை உடைபட்டது. 2002இல், மோடுலைனில் எழுதப்படும், திருத்தி கணித்து மதிப்பறியும் கோவைகள் வழியாக வெளி நூலகங்களை அழைத்துக் கணினியில் கட்டளைகளை இயக்க முடியும் என்று தெரியவந்தது. 2016இல், கோப்பு வகை முதலான சில அமைப்புகளுக்குத் தரப்படும் மதிப்புகள் சரிபார்க்கப்படாததால் அதே தீங்கு வேறு வழியில் வந்தது, 8.0.0056 என்னும் ஒட்டு அதைச் சரிசெய்தது. 2019இல் வந்தது இன்னும் நுட்பமானது. வரிகளை மடித்து மறைப்பதற்கான விதியை மோடுலைனில் ஒரு கோவையாக எழுதலாம். ஆபத்தான கட்டளைகள் இயங்காதபடி அக்கோவை ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் தடுப்பு வளையத்துக்குள்ளேயே கணிக்கப்படும். ஆயின் ஒரு கோப்பைப் படித்து அதிலுள்ளவற்றை விசையழுத்தங்களாகவே நிறைவேற்றும் கட்டளை ஒன்று, தான் அந்த வளையத்துக்குள் இருப்பதைச் சோதிக்கத் தவறியது. அதனால் ஒரு சாதாரண உரைக்கோப்பைத் திறந்த மாத்திரத்தில் அதை எழுதியவரின் கட்டளைகள் பயனரின் கணினியில் ஓடின. முனையத்தின் கட்டுப்பாட்டுக் குறிகளைச் சேர்த்து எழுதினால், கோப்பை முன்கூட்டித் திரையில் அச்சிட்டுப் பார்ப்பவர் கண்ணுக்கும் அந்த வரி தென்படாது என்பதையும் இதைக் கண்டறிந்த ஆய்வாளர் செய்து காட்டினார்.

இதற்கான 8.1.1365ஆம் ஒட்டு மிகச் சிறியது: அந்தக் கட்டளையும் இனி வளையத்தைச் சோதிக்கும், அவ்வளவே. கருத்தூன்றிப் பார்க்கவேண்டியது அதற்கு அடுத்து வந்த 8.1.1366ஆம் ஒட்டு. பயனர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி மோடுலைனில் கோவைகளை எழுதும் அமைப்புகளே செல்லாது என்று அது விதித்தது. முதல் ஒட்டு ஒரு பிழையைத் திருத்தியது. இரண்டாவது, பிழைகள் வந்துகொண்டிருந்த வழியையே அடைத்தது. பழைய நடத்தையைக் காப்பதில் அத்தனை உறுதி காட்டிய ஒருவர் இங்கே அதைக் கைவிட்டது முரணன்று. எந்தப் பழக்கத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்ற கணக்கு மாறியது. வசதியை அடியோடு நீக்காமல், கேட்டுப் பெறுவோருக்கு விட்டுவைத்ததில் அவருடைய பழைய குணமும் தெரிகிறது. டெபியன் லினக்ஸ் இயங்குதளம் வழங்கும் விம்மிலோ மோடுலைன் வசதி முழுவதுமே இயல்பாக முடக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு நோக்கில் அதுவே மிகத் தெளிவான தீர்ப்பு எனலாம்.

2022ஆம் ஆண்டில் வேறு வகையான நெருக்கடி வந்தது. பிழை கண்டு சொல்வோருக்குப் பணம் அளிக்கும் தளம் ஒன்றின் வழியே, பாதுகாப்புக் குறைகள் குறித்த முறையீடுகள் பல பத்துகளாக வந்து குவிந்தன. தாறுமாறான உள்ளீடுகளை இடைவிடாது ஊட்டி நிரலை வீழ்த்திப் பார்க்கும் தானியங்கிச் சோதனைக் கருவிகளே இவற்றில் பலவற்றின் ஊற்று. விம் எழுதப்பட்ட சி மொழி நினைவக எல்லைகளைத் தானாகக் காப்பதில்லை. ஒதுக்கிய இடத்துக்கு வெளியே எழுதுவதும், திருப்பிக் கொடுத்துவிட்ட இடத்தை மீண்டும் பயன்படுத்துவதும் அதில் எளிதில் நிகழும். விம்மில் பயனர் எழுதிய ‘தன்னியக்கக் கட்டளைகள்’ ஒரு செயலின் நடுவிலேயே குறுக்கிட்டு ஓடக்கூடியவை என்பதால் இந்த ஆபத்து இரட்டிக்கிறது: நிரல் ஒரு கோப்பின் நினைவகப் பிரதியான இடையகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த படிக்குப் போவதற்குள், குறுக்கே ஓடிய கட்டளை அந்த இடையகத்தையே அழித்துவிடலாம். இதற்குத் தீர்வு, திரும்பி வந்தவுடன் இடையகம் இன்னும் உள்ளதா என்று பார்ப்பது. அல்லது அத்தகைய தருணங்களில் உரையை மாற்றவே கூடாது என்று பூட்டிவிடுவது. அம்முறையீடுகளில் பல, எந்தப் பயனரும் எழுதமாட்டாத விசித்திரமான கட்டளைக்கோவைகளை இயக்கினால் மட்டுமே தோன்றுபவை. அவற்றை ஓட்டை என்பதைவிட விரிசல் என்பதே பொருந்தும். ஆயினும் அவை ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டன; அதே பிழை மீண்டும் தலைகாட்டினால் உடனே தெரியும்படி, திருத்தங்களுடன் தானாக இயங்கும் சோதனைகளும் சேர்க்கப்பட்டன.

மாற்றத்தை ஏற்பதில் விம் காட்டிய தயக்கமே இன்னொரு திருத்திக்கு வித்திட்டது. பின்னணியில் வேறு பணிகளை ஓடவிடுவதற்காகப் பிரேசில் நாட்டு நிரலரான தியாகோ டி அருடா அனுப்பிய ஒட்டு ஏற்கப்படாமல் போக, அவர் 2014இல் விம்மின் மூலநிரலைப் பிரித்தெடுத்து நியோவிம்மைத் தொடங்கினார். பழைய இயங்குதளங்களுக்கான நிரற்பகுதிகள் களையப்பட்டன. 2021இல் வெளியான 0.6ஆம் பதிப்பில், பெரிய ‘ஒய்’ கட்டளையும் வரியின் இறுதி வரை மட்டும் நகலெடுக்கும்படி மாற்றப்பட்டது. விம்மும் 2016இல் தன் 8.0ஆம் பதிப்பில் பின்னணிப் பணிகளுக்கு இடமளித்தது. பிரிந்தபின்னும் இவற்றின் உறவு அறவில்லை: விம்மில் வரும் ஒட்டுகளை நியோவிம்முக்கு ஏற்றவாறு கொண்டுவருவதற்கென்றே அத்திட்டத்தில் ஒரு நிரல் உள்ளது; அப்படி வரும் ஒவ்வொரு மாற்றமும் விம் இட்ட அதே எண்ணைத் தாங்கியே பதிவாகிறது. மோலெனாரின் வரிசை எண் முறை, அவரை விட்டுப் பிரிந்தவர்களுக்கும் ஏடாயிற்று.

2023 ஆகஸ்ட் 3ஆம் நாள் பிராம் மோலெனார் காலமானார். அதுவரை பிறர் எழுதிய ஒட்டுகளும் அவர் கையாலேயே மூலநிரலில் சேர்ந்தன. எழுதியவர் பெயர் தீர்வுக் குறிப்பின் முடிவில் அடைப்புக்குறிக்குள் நின்றது. பலகாலம் உடன் பங்களித்த ஜெர்மானியரான கிறிஸ்டியன் பிராபாண்ட் முதன்மைப் பராமரிப்பாளர் பொறுப்பை ஏற்க, பணி பலரிடையே பகிரப்பட்டது. 2024 ஜனவரி 2இல் வெளியான 9.1ஆம் பதிப்பு மோலெனாருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதன்பின் வந்த ஒட்டுகள் 9.1.0001 என்று மீண்டும் முதலிலிருந்து எண்ணிடப்பட்டு, சிக்கல், தீர்வு என்ற அதே இரு குறிப்புகளுடன் தொடர்ந்தன.