ஆடுநர் பெயரும் வசைவழக்கும்

மாதவரத்திற்குக் கிழக்கே கடலோரமாக அமைந்த திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளுள், 14-ஆம் நூற்றாண்டில் இராசநாராயண சம்புவராயர் ஆட்சியைச் சார்ந்தவை ஒரு பூசலைக் கூறுகின்றன. கோயிலில் ஆடல், பாடல் முதலிய பணிகளுள் எப்பணி எவர்க்கு உரியது என்பது பற்றிப் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்னும் மூவகை மகளிர்க்கிடையே எழுந்த பூசல் அது. கல்லிற் பொறிக்கத் தக்க பெருமையுடையதாயிருந்த அப்பெயர்களுள் ஒன்று, இன்று அதே வடசென்னைத் தெருக்களில் ஒருவன் தாயைப் பழிக்கும் வசையாகத் திரிந்து வழங்குகின்றது. இத்திரிபு எங்ஙனம் நேர்ந்தது என்பதும், இத்தகைய வசைச்சொற்களை இன்றைய காமக் கேளிக்கை வணிகம் விடாது பற்றி நிற்பது ஏன் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

உயர்ந்த பொருளுடைய சொல் இழிந்த பொருள் பெறுதலை இழிபொருட்பேறு என்பர் மொழிநூலார். நாற்றம் என்னும் சொல்லை எடுத்துக்காட்டி அமைவது வழக்கம். ஆயின், ஆடுநர் பெயர்களில் இம்மாற்றம் ஒருபாற் கோடியே நிகழ்ந்தது என்பது போதிய அளவு நோக்கப்படவில்லை. 'அடியார்' என்ற சொல் அறுபத்து மூவரைக் குறித்து இன்றும் வணக்கத்திற்குரியதாய் நிற்க, அதனையே ஈறாகக் கொண்ட 'தேவரடியாள்' வசையாயிற்று. 'கூத்தன்' தில்லை இறைவன் பெயர். சோழர் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தர் அப்பெயர் தாங்கியே புகழ் பெற்றார். அதன் பெண்பாலாகிய 'கூத்தி'யோ காமக்கிழத்தியைக் குறித்து நின்றது. பகுதி ஒன்றே, விகுதி மாறியவிடத்து மதிப்பும் மாறிற்று. எனவே, ஆடற்றொழிலே இழிவைத் தந்தது என்பார் கூற்றுப் பொருந்தாது. ஆடுவாளைக் காசு கொடுத்துக் காண்பவனின் நோக்கு அவள் பெயரிற் படிந்தது என்பதே பொருந்தும். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது அத்தொழில் முடிவுற்றது, வசை முடிவுறவில்லை. அவ்வொழிப்புக்காகப் பாடுபட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் வெளியிட்ட புதினமும் 'தாசிகள் மோசவலை' என்றே தலைப்புப் பெற்றது. வாங்குவோர் அறிந்த சொல்லை விட்டு விற்க இயலாமை சீர்திருத்த நூலுக்கும் உண்டு போலும்.

இனிப் 'பேடி' என்னும் சொல்லை நோக்குவாம். மாதவி ஆடிய பதினோராடல்களுள் காமன் ஆடிய பேடியாடலும் ஒன்று எனச் சிலப்பதிகாரம் கூறும். புகார்த் தெருவில் அக்கோலத்து ஆடுவாரைச் சூழ்ந்து நின்று கண்டவர்களை மணிமேகலை காட்டும். துறைமுக நகரும் வேடிக்கை பார்க்கும் கூட்டமும் அக்காலத்தே உடனிருந்தன என்க. ஆண்மை திரிந்தாரை ஆண்பாற் சொல்லாற் கூறலாகாது எனத் தொல்காப்பியம் விலக்குகின்றது. நன்னூலார், ஆண்மை விட்டுப் பெண்மை அவாவுவாரைப் பெண்பாலாகவும், பெண்மை விட்டு ஆண்மை அவாவுவாரை ஆண்பாலாகவும் கொள்வர். ஒருவர் எப்பாலை விழைகின்றாரோ அப்பாலே அவர்க்கு உரியது என்னும் இம்முடிபு வியக்கத்தக்கது. ஆயின் அந்நூற்பாவிலேயே, இருதிறத்தாரையும் அஃறிணை போலக் கூறுதலும் ஆகும் என இசைவு தரப்பட்டுள்ளது. மதிப்பும் இழிப்பும் ஒரு நூற்பாவில் அடுத்தடுத்து நிற்கின்றன; பிற்காலத் தெருவழக்கு இறுதிப் பகுதியையே எடுத்துக்கொண்டது. 'பேடி' கோழையைக் குறிக்கும் வசையாயிற்று, 'அலி'யும் பழிச்சொல்லாயிற்று, 'ஒன்பது' என்னும் எண்ணுப்பெயர் கூட ஏளனக் குறியாயிற்று. அவையல் கிளவியை மறைத்துக் கூறுக என்பது தொல்காப்பிய நெறி. இங்கோ மறைப்பே வசைக்குக் கருவியாயிற்று.

கேளிக்கை மேடையில் இவ்வசையின் பயன் யாது? தென்மாவட்டங்களில் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்து அமெரிக்க மானிடவியலார் சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட நூல் இதற்கு நல்ல சான்றாகும். சங்கரதாச சுவாமிகள் மரபினதாகிய அந்நாடகத்தின் தொடக்கத்தில் பபூனும் நடனப் பெண்ணும் ஆடும் காட்சியொன்று உண்டு. இரட்டைப் பொருட் பேச்சைப் பேசுபவன் பபூன், சிரிப்பவர் அவையோர், பழி சேர்வது அப்பெண்ணுக்கு. அதனாலேயே நடிகையர் நாடகத்திற்குச் செல்லும் வழியிலும் பிறர் கண்ணிற் படாது ஒதுங்கிச் செல்வர் என்பதை அந்நூல் விரிவாகக் காட்டுகின்றது. ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு இசைவளிக்குங்கால், ஆபாச நடனமும் இரட்டைப் பொருள் வசனமும் கூடா என உயர் நீதிமன்றம் நிபந்தனை விதித்தல் வழக்கமாயிற்று. சொல்லைத் தடுத்தல் எளிது. அச்சொல்லைக் கேட்கவே கூடும் கூட்டத்தை என் செய்வது?

இணையவழிக் காம வணிகத்தில் இந்நிலை மேலும் முறுகிற்று. அங்கே வாங்குவோன் ஒரு சொல்லைத் தட்டெழுதித் தேடுகின்றான். அச்சொல்லைத் தலைப்பிற் கொள்ளாத சரக்கு அவன் கண்ணிற் படாது. அவன் தெருவிற் கற்றது வசைச்சொல் ஒன்றே. மதிப்புச் சொல்லை அவன் அரசு அறிக்கையிற் கேட்டானேயன்றித் தன் விழைவோடு சேர்த்து அறிந்தானில்லை. மேலும், தான் விழைவதை இழித்துரைப்பதால் விழைந்த நாணத்தை மறைத்துக்கொள்கின்றான் என்றும் கருத இடமுண்டு. ஆகவே அப்பெயர் ஆளின் பெயரன்று, அலமாரியின் பெயர். அமெரிக்க நாட்டில் திருநர் நடிக்கும் காமப் படங்களுக்கென அமைந்த விருதொன்று தொடக்கத்தில் அவர்களைப் பழிக்கும் ஆங்கிலக் கொச்சைச் சொல்லையே பெயராகக் கொண்டிருந்தது. நடிப்போரின் எதிர்ப்புக்கிடையே 2014-இல் அப்பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் விற்பனைப் பகுப்புகளில் பழஞ்சொற்கள் நெடுநாள் நீடித்தன. மேடையின் பெயர் மாறிற்று. கடையின் பெயர் மாறவில்லை.

தமிழகத்திலும் அவ்வாறே. 2008-இல் நல வாரியம் அமைந்தது. 'அரவாணி' என்பதும் பின்னர்த் 'திருநங்கை' என்பதும் பரவின. 2022-இல் 'பால்புதுமையர்' முதலிய சொற்களைக் கொண்ட சொற்பட்டியலை அரசிதழ் வெளியிட்டது. 2015-இல் 'ஐ' திரைப்படத்தின் சித்திரிப்பை எதிர்த்துத் திருநங்கையர் சென்னையிற் போராடியது, அலுவலகம் ஏற்ற சொல்லைத் திரைவணிகம் ஏற்கவில்லை என்பதற்குச் சான்று. பழைய சொல்லை விட்டால் வருவாய் குறையும். விடாவிடின், வாடகைக்கு வீடு கேட்குமிடத்தும் அச்சொல் பின்தொடர்ந்து வரும். இவ்விரண்டிற்கும் இடையிலேதான் ஆடுநரின் கூலி முடிவாகின்றது. சொல்லாக்கக் குழுவினர் இதனைக் கணக்கிற் கொள்வது அரிது.

திருவொற்றியூர் மகளிர் பெயர் பற்றிப் பூசலிட்டாரல்லர். எவர் பாடுவது, எவர் ஆடுவது, எவர் எச்சந்நிதியிற் பணி செய்வது என்பனவே அவர்தம் வழக்கு.