கறிவேப்பிலையைப் பிடுங்கினால் கோபப்படலாமா?



வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் பேறுகாலம் பார்க்கவோ, பேரன் பேத்தியைக் கொஞ்சவோ போய் வந்த அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஊர் எப்படி, குளிர் எப்படி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு புலம்பல் வரும். "ஏர்போர்ட்லயே பெட்டியைத் திறந்து எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டாங்க!" என்பதுதான் அது. பக்கத்து வீட்டு அக்கா இன்றைக்கும், "நம்ம கொல்லையில பறிச்ச கறிவேப்பிலைங்க. ஒரு மருந்துகூட அடிக்காதது. அதுல என்ன விஷமா இருக்குது? அவங்களே ஆக்கித் தின்னிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விஷம் இருப்பதாக அவர்களும் சொல்லவில்லை. அவர்கள் தேடுவது பூச்சியை. மருந்து அடிக்காத இலையில்தான் பூச்சி உயிரோடு இருக்கும் இல்லையா? பிடுங்கியதை யாரும் ஆக்கித் தின்பதும் இல்லை. பிரித்துப் பரிசோதித்துவிட்டு, எரித்தோ அரைத்தோ அழித்துவிடுகிறார்கள்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பத்துச் செடிகள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் சாறு உறிஞ்சும் எள் அளவுப் பூச்சி ஒன்று, கறிவேப்பிலைக் கொழுந்திலும் முட்டை வைக்கும். அந்தப் பூச்சி ஒரு கிருமியைச் சுமந்து வந்தால் ஆரஞ்சு மரத்துக்கு நோய் பிடிக்கும். இலை மஞ்சளாகி, காய் சிறுத்துக் கோணி, கசந்து, மரமே பட்டுப்போகும். பிடித்த மரத்தைக் குணப்படுத்த இன்றுவரை வழி இல்லை.

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலம் ஆரஞ்சுக்குப் பேர்போனது. அங்கே இந்தப் பூச்சி 1998-ல் தென்பட்டது, நோய் 2005-ல் வந்தது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், புயல்களும் சேர்ந்துகொள்ள, 2022-23-ல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. எத்தனை தோட்டக்காரர்கள் நிலத்தை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்! 2009-ல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் ஒரு பார்சலை மோப்ப நாய் காட்டிக்கொடுத்தது. இந்தியாவிலிருந்து போன அந்தப் பார்சலில் கறிவேப்பிலையும், அதில் இந்தப் பூச்சிகளும் இருந்தன. சோதித்தபோது பூச்சிகளிடம் அந்தக் கிருமியும் இருந்தது. அன்றைக்கு அந்த நாய் கோட்டை விட்டிருந்தால்...?

இந்த நாய்களும் வேடிக்கைக்கு அல்ல. 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் பீகிள் ஜாதி நாய்களைக் கொண்டு ஆரம்பித்த ஏற்பாடு இது. பெட்டிக்குள் இருக்கும் பழத்தையும் இலையையும் இறைச்சியையும் முகர்ந்து கண்டுபிடித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"சரி, மாம்பழம் என்ன பாவம் செய்தது?" என்பீர்கள். மாம்பழம் நறுக்கும்போது வெளியே பளபளவென்று இருக்கும்; கொட்டையைப் பிளந்தால் உள்ளே கருப்பாக ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். நாம் பார்க்காததா? அது போதாதென்று பழ ஈயின் புழு வேறு. 1980-ல் மத்தியதரைக்கடல் பழ ஈ கலிஃபோர்னியாவுக்குள் புகுந்து, வீடுகளுக்கு மேலே ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கும் அளவுக்குப் போய்விட்டது. அதை ஒழிக்க சுமார் 10 கோடி டாலர் செலவானது. "அங்கே கடையில மட்டும் நம்ம ஊரு மாம்பழம் விக்குதே?" என்றால், அது 2007-லிருந்து, கதிர்வீச்சு காட்டிப் பூச்சி பெருகாதபடி செய்த பிறகே போகிறது. நம் பெட்டியில் வைத்த பழத்துக்கு அந்தப் பக்குவம் ஆகவில்லையே!

அரிசியையும் எடுத்துக்கொள்கிறார்கள். தானியங்களைத் தின்னும் கப்ரா வண்டின் புழு, தீனியே இல்லாமல் வருஷக்கணக்கில் சந்து பொந்தில் உயிரோடு கிடக்கும். 1953-ல் கலிஃபோர்னியாவில் தென்பட்ட அதை முழுதாக ஒழிக்க 1966 வரை ஆயிற்று. இறைச்சிக்குத் தடை, நம் மாடுகளுக்கு வருமே அந்தக் கோமாரியால். 2001-ல் பிரிட்டனில் கோமாரி பரவி, 60 லட்சத்துக்கும் மேலான ஆடு, மாடு, பன்றிகளைக் கொன்றார்கள்.

இதெல்லாம் யாரோ ஒரு நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தோம். மாதாமாதம் பட்டுக்கூடு விற்று வரும் காசில்தான் பெரியவளின் காலேஜ் ஃபீஸ், மாமனாரின் மருந்துச் செலவு எல்லாம். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்கள். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி அது. பெண் பூச்சிக்கு இறக்கையே கிடையாது, கடல் தாண்டிப் பறந்து வர வழியே இல்லை. மறு வருஷமே எங்கள் தோட்டத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளை வெள்ளையாய் அப்பிக்கொண்டது. மருந்து அடித்தால் அந்தத் தழையைத் தின்னும் புழு செத்துப்போகும். அடிக்காவிட்டால் தழையே இல்லை. பசியில் தலையைத் தூக்கித் தூக்கித் தேடிய புழுக்களைத் தட்டோடு குழியில் கொட்டினோம். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பப்பாளி, மரவள்ளி போட்டவர்கள் பாடும் இதே கதிதான். இரண்டு பவுன் வளையலை அடகு வைத்துத்தான் அந்த வருஷ ஃபீஸைக் கட்டினோம்.

பிறகு 2010-ல் அந்தப் பூச்சியை மட்டும் அழிக்கும் குட்டிக் குளவிகளை ப்யூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, வேளாண் விஞ்ஞானிகள் தமிழ்நாட்டில் பெருக்கி விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவிகளை அனுப்ப உதவியது, பயணிகள் எதைக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்று சட்டம் போடும் அதே அமெரிக்க வேளாண் துறைதான்!

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1914-லேயே பூச்சித் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. 2003-ம் வருஷத்து உத்தரவுப்படி செடி, விதை எதையும் அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. அதனால் திரும்பி வரும்போது, "சம்பந்தி வீட்டு ரோஜா நல்லா இருக்குது" என்று பதியன் ஒடித்துக்கொண்டு வராதீர்கள்.

பயணம் போகும் தோழியருக்குச் சில யோசனைகள்:

* கறிவேப்பிலை, பச்சைக் காய்கறி, பழம், விதை, அரிசி, இறைச்சி கலந்த பண்டம் எதுவும் கட்டாதீர்கள். கறிவேப்பிலை அங்கே பல ஊர்களில் இந்தியக் கடைகளிலேயே கிடைக்கிறது.

* முறுக்கு, சீடை, வறுத்து அரைத்த சாம்பார்ப் பொடி, காப்பிப் பொடி போன்றவற்றைப் பொதுவாக விடுகிறார்கள். நாட்டுக்கு நாடு விதி வேறு. கிளம்பும் முன் பிள்ளைகளிடம் அந்தந்த அரசாங்கத்தின் பட்டியலைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

* சாப்பாட்டுப் பொருள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் பேர் எழுதி ஒட்டுங்கள். திறந்து காட்டச் சுலபம்.

* "உணவு இருக்கிறதா?" என்று கேட்டால் தயங்காமல் "ஆமாம்" என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டால், ஆகாததை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் இல்லை. மறைத்தால்தான் அபராதம், மகள் வாசலில் காத்திருக்க, நாம் உள்ளே பாஷை தெரியாமல் விழிக்க வேண்டியிருக்கும்.

பேத்திக்கு ஆசையாய்ச் செய்ததை எடுத்துக்கொண்டால் மனசு வலிக்கத்தான் செய்யும். அங்கே போய் ஒரு நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சுடச்சுடச் செய்து கொடுங்கள்.

- ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்